தெருவில் வாழ்ந்த மேசைக்கணினி

1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சியில், தையல் மெஷின் பெட்டி மாதிரி ஒரு சாதனத்தை அறிமுகப்படுத்தினார்கள். எடை 11 கிலோ. ஐந்தங்குலத் திரை. விலை 1,795 டாலர். மூடியைப் பூட்டிக் கைப்பிடியைப் பற்றித் தூக்கிக்கொண்டு போகலாம். விமானத்தில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும் என்பதற்காகவே அந்த அளவில் செய்திருந்தார்கள். பேட்டரி கிடையாது; போகிற இடத்தில் பிளக் பாயிண்ட் இருந்தாக வேண்டும். அதன் பெயர் ஆஸ்போர்ன் 1.

அதைச் செய்து விற்ற ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கியவர். அதனால் ஆடமின் பிள்ளைப் பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. தமிழ் நன்றாகப் பேசுவார். கடைசிக் காலத்தில் உடல்நலம் குன்றி இந்தியாவுக்கே திரும்பி வந்து, 2003-இல் கொடைக்கானலில் காலமானார். தூக்கிச் செல்லும் கணினியை முதன்முதலில் பெரிய அளவில் விற்றுக் காட்டிய மனிதர் அருணாசல மலையடிவாரத்தில் வளர்ந்தவர் என்பது நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

அதே 1981-இல், ஆகஸ்ட் 12-ஆம் தேதி, நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. மேசையில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும் கணினி அது. உள்ளே இன்டெல் 8088 சில்லு, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். 1,565 டாலருக்குக் கிடைத்த அடிப்படை மாதிரியில் நினைவகம் 16 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு சாதாரணப் படத்தைக்கூட அதில் வைக்க முடியாது.

மேசைக்கணினி பழையது, அதைத் தள்ளிவிட்டு வந்த புதியது மடிக்கணினி என்றுதான் பேசப்படுகிறது. ஐபிஎம்மின் அந்த மேசைக்கணினியைவிட, தூக்கிச் செல்லும் ஆஸ்போர்னுக்கு உண்மையில் நான்கு மாதம் வயது கூடுதல். பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் மேசைக்கணினியே ஏன் ஆண்டது, அப்புறம் ஏன் சரிந்தது, சரிந்த பிறகும் ஏன் சில மேசைகளை விட்டு நகர மறுக்கிறது? அமெரிக்காவில் இதற்கு ஒரு விடை. தமிழ்நாட்டில் இதற்கு வேறு விடை.

மேசைக்கணினி வென்றதற்கு முதற்காரணம் அவசரம். டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் புளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் வேலை செய்த ஐபிஎம்மின் சிறு குழுவுக்கு ஏறக்குறைய ஓராண்டுதான் அவகாசம். எல்லாவற்றையும் தாங்களே செய்ய நேரமில்லை. சில்லு இன்டெல்லிடம், இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடம், மற்றவை சந்தையில் கிடைத்த பாகங்கள். போதாததற்கு மின்சுற்று வரைபடங்களோடு தொழில்நுட்பக் கையேட்டையும் விற்பனைக்கு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் அதில் சொருகும் அட்டைகளைச் செய்யலாம். ஐபிஎம்முக்குச் சொந்தமாக இருந்தது பயாஸ் எனப்படும் சிறு நிரல் மட்டும். காம்பேக் நிறுவனம் அதைப் பார்த்து எழுதாமல், அது என்ன செய்கிறது என்ற குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதிவிட்டது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படி எழுதிய பயாஸை யார் கேட்டாலும் விற்கத் தொடங்கியதும் கதவு முழுசாகத் திறந்துகொண்டது. ஐபிஎம்மின் வடிவம் உலகத்தின் வடிவமாயிற்று; ஐபிஎம்மோ 2005-இல் தன் கணினிப் பிரிவையே சீனாவின் லெனோவோவிடம் விற்றுவிட்டு ஒதுங்கியது.

திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் மேசைக்கணினி நம் ஊருக்கு வந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கணினிக் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தொண்ணூறுகளில் சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு ஒரு கடையில், ராம் இன்னொரு கடையில், கேபினட் மூன்றாவது கடையில் என்று வாங்கி, ஒரு மேசையில் பரப்பி, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தால் மாலைக்குள் ஒரு சிஸ்டம் எழுந்துவிடும். 'அசெம்பிள்டு செட்' என்பார்கள். பெரிய நிறுவனப் பெயர் பொறித்த பெட்டியைவிட விலை நன்றாகவே குறைவு. மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் இருந்து ஆட்கள் இரவு பஸ் ஏறி வந்து பாகங்களை வாங்கிப் போவார்கள். பொறியியல் படிக்காத, ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த எத்தனையோ இளைஞர்களுக்கு அந்த ஸ்க்ரூ டிரைவர் சோறு போட்டது.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டை இழுத்தால் மேலே மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ், அதிலிருந்து சிவப்பு மஞ்சள் கறுப்பு ஒயர்கள், நடுவில் விசிறியைத் தலையில் சுமந்த பிராசசர், ஓரத்தில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி. கணினி எழாமல் 'பீப் பீப்' என்று கத்தினால் மெக்கானிக் முதலில் ராமைக் கழற்றுவார். அதன் அடிவிளிம்பில் வரிசையாகத் தங்கமுலாம் பூசிய பற்கள் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் அந்தப் பற்களை அழுத்தித் தேய்ப்பார். படிந்திருந்த மங்கல் போய்ப் பளிச்சிடும். வாயால் ஊதிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுவார். பெரும்பாலும் ஓடிவிடும். தேதி பல வருடம் பின்னால் போய் நின்றால் அந்த நாணய பேட்டரியை மாற்றினால் போதும். இதைப் பக்கத்தில் நின்று பார்த்த பையன் அடுத்த தடவை தானே செய்வான். ஒரு பொருளைத் திறக்கலாம், தெரிந்துகொள்ளலாம், சரிசெய்யலாம் என்ற தைரியத்தை நம் தெருக்களில் மிதிவண்டிக்கும் மோட்டார் பம்ப்செட்டுக்கும் அடுத்துக் கற்றுக்கொடுத்தது மேசைக்கணினிதான் என்பது என் கருத்து.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மேசைக்கணினி வீட்டு மேசையில் இருந்தது. அங்கிருந்து மடிக்கும், மடியிலிருந்து கைக்கும் போனது. நம்மிடம் அது பெரும்பாலான வீடுகளுக்குள் நுழையவே இல்லை. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் 10.7 சதவீதம், கிராமப்புறத்தில் 4.4 சதவீதம். மேசைக்கணினி, மடிக்கணினி எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அப்படியானால் ஒரு தலைமுறையே கணினி கற்றதும், மின்னஞ்சல் அனுப்பியதும், தேர்வு முடிவு பார்த்ததும் எங்கே? தெருவில்தான்.

தெருவில் அதற்கு மூன்று முகவரிகள் இருந்தன. ஒன்று, கம்ப்யூட்டர் சென்டர். தட்டச்சுப் பயிலகங்கள் இருந்த மாடிகளிலேயே எஸ்எஸ்ஐ, சிஎஸ்சி போன்ற பயிற்சி நிலையங்கள் வந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிரூட்டிய அறைக்குள் பயபக்தியோடு போய், ஒரு கணினிக்கு இரண்டு பேராக உட்கார்ந்து எம்எஸ் ஆஃபீஸும் சி மொழியும் கற்றார்கள். செருப்புக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. தூசி காரணம் என்றார்கள். மரியாதையும் ஒரு காரணம்.

இரண்டாவது, கணினியில் பக்கம் அமைத்துத் தரும் டிடிபி சென்டர். மேசைக்கணினி தமிழுக்குச் செய்த பெரிய வேலை இங்கேதான் நடந்தது. ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் பேஜ்மேக்கரைக் கொண்டுவந்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்த அச்சகங்களின் இடத்தில் பத்துக்குப் பத்து அறையும் ஒரு கணினியும் ஒரு லேசர் பிரிண்டரும் வந்தன. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கட்சிச் சுவரொட்டி, சிற்றிதழ், முனைவர் பட்ட ஆய்வேடு என்று தமிழ்நாட்டின் அச்சு வாழ்க்கை மொத்தமும் அந்த அறைகள் வழியாகப் போனது. சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களுக்குப் போகும் பக்கங்களும் இப்படித்தான் தயாராயின. எழுதுகிறவர் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். டிடிபி ஆபரேட்டர், பல ஊர்களில் ஒரு பெண், திரையைப் பார்த்தபடியே விரல் ஓடத் தட்டுவார். மெய்ப்பு எடுத்து நீட்டுவார். "சார், மூணாம் பக்கத்துல ஒரு வரி விட்டிருக்கு, நீங்களே எழுதலையா, நான் விட்டுட்டேனா?" என்று கேட்டுத் திருத்துவார். தமிழில் சந்திப்பிழை பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதப்படும்போது அவர்கள் பெயர்கள் பக்கத்தின் அடியில்கூட வருவதில்லை. அது சரியில்லை.

அந்த அறைகளில் ஒரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒரு எழுத்துருவைச் செய்து, தன் விருப்பப்படி ஒரு விசைப்பலகையை வைத்திருந்தது. ஒரு சென்டரில் தட்டியதை இன்னொரு சென்டரில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். இதழ்களின் இணையதளங்களைப் படிக்கவும் தனித்தனியாக எழுத்துரு இறக்க வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. அதற்கு முன்பே மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் கனடாவில் சீனிவாசனின் ஆதமியும் ஆகிய தமிழ் மென்பொருள்கள் வந்திருந்தன. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. தமிழுக்கு ஒழுங்காக யூனிகோடு வந்த பிறகும் பேஜ்மேக்கரை டிடிபி சென்டர்கள் விடவில்லை. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்கப்புறம் ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்தும் அதே மென்பொருள், அதே பழைய விண்டோஸ், அதே கறுப்புப் பெட்டி. இருக்கிற எழுத்துருக்களும் பழகிய விரல்களும் சேமித்த கோப்புகளும் அதில்தான் இருந்தன. மேசைக்கணினி சாகாமல் இருப்பதற்கு இது மாதிரி காரணங்கள் விற்பனைப் புள்ளிவிவரத்தில் தெரியாது.

மூன்றாவது முகவரி பிரவுசிங் சென்டர். 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சில வருடங்களில் பஸ் ஸ்டாண்டு பக்கமும் கல்லூரி வாசலிலும் பிளைவுட் தடுப்பு போட்ட கேபின்கள் முளைத்தன. சென்னையின் சிஃபி நிறுவனம் ஐவே என்ற பெயரில் கிளைகளை விரித்தது. மணிக்கு இருபது, முப்பது ரூபாய். பிளஸ் டூ முடிவு வருகிற காலையில் நாற்காலி கிடைக்காது. பதிவெண் எழுதிய துண்டுச்சீட்டுகளோடு அப்பாக்கள் வாசலில் நிற்பார்கள். துபாயில் இருக்கிற கணவரிடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேச வந்த பெண்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வந்த மாணவர்கள், வேலைக்கு பயோடேட்டா அனுப்ப வந்தவர்கள் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து கேபினில். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் 2004-இல் தமிழ்மணம் திரட்டி வந்ததும் வலைப்பதிவுகள் பெருகியதும் இந்தக் காலத்தில்தான். எழுதிப் பார்க்க ஒரு பத்திரிகை ஆசிரியரின் தயவு தேவையில்லை என்ற நிலை தமிழில் முதன்முதலாக வந்தது. அதற்கு வேண்டியிருந்தது ஒரு விசைப்பலகையும் அரைமணி நேரமும்.

பிரவுசிங் சென்டரில் நாம்தான் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தோம். நம் தப்பை நாமே தட்டினோம், நாமே அழித்தோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவு எப்போது தொடங்கியது? உலக அளவில் விடை எளிது. 1991-இல் சோனி லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003-இல் இன்டெல்லின் சென்ட்ரினோ வந்தபோது கம்பியில்லா இணைப்பும் குறைந்த மின்செலவும் மடிக்கணினியில் ஒன்றாகச் சேர்ந்தன. 2008-இன் மூன்றாவது காலாண்டில் உலகில் விற்ற மடிக்கணினிகள் முதன்முறையாக மேசைக்கணினிகளை முந்தின. 2010 முடியும்போது ஸ்மார்ட்போன் விற்பனை எல்லா வகைக் கணினிகளையும் சேர்த்து முந்தியது. 2016 அக்டோபரில் இணையத்தைக் கைபேசியிலும் டேப்லெட்டிலும் பார்ப்பது 51.3 சதவீதமாகிக் கணினியை முந்தியதாக இணையப் பயன்பாட்டைக் கணக்கிடும் ஸ்டாட்கவுண்டர் சொன்னது. இந்தியாவில் இந்த மாற்றம் 2012-லேயே நடந்துவிட்டது.

தமிழ்நாட்டில் அந்த 2012-க்கு வேறொரு அர்த்தமும் உண்டு. அது மின்வெட்டு ஆண்டு. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களில் பத்து மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே. மேசைக்கணினி கரண்டை நம்பி வாழ்கிற சாதனம். யுபிஎஸ் பத்து நிமிடம் 'கீ கீ' என்று கத்தும், அதற்குள் கோப்பைச் சேமித்துக்கொண்டு மூடிவிட வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் ஃபேனும் லைட்டும் ஓடினால் போதுமென்றார்கள். டிடிபி சென்டர்களில் ஆபரேட்டர்கள் கரண்ட் வரும் நேரத்துக்கு வேலைக்கு வந்தார்கள், நள்ளிரவிலும். அந்த நிலையில் மூன்று மணி நேரம் தானாக ஓடுகிற மடிக்கணினி பெரிய வசதி. அதற்குச் சற்று முன்புதான், 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, முதலமைச்சர் ஜெயலலிதா அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கைக்குப் போயின. அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. எத்தனையோ வீடுகளில் நுழைந்த முதல் கணினி அதுதான். அதை விற்றுவிட்டார்கள், படம் பார்த்தார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஒரு கூலித் தொழிலாளியின் மகள் தன் பெயரைத் தமிழில் தட்டித் திரையில் பார்த்த மடிக்கணினி அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

தெருவின் முகவரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2011 ஏப்ரலில் வந்த மத்திய அரசு விதிகள் பிரவுசிங் சென்டர்காரர்களை அடையாள அட்டை கேட்க வைத்தன, ஓராண்டுப் பதிவேடு வைக்கச் சொன்னன, கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்றன. அதனால் மட்டும் அவை மூடவில்லை. 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்து டேட்டாவை ஏறக்குறைய இலவசமாக்கியதும் யாருக்கும் கேபின் தேவைப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூர் இந்த மாற்றத்தை வேறு விதமாகக் கண்டது. 2006-இல் அங்கே நோக்கியா ஆலை தொடங்கியது, 2007-இல் டெல்லின் கணினி ஆலை வந்தது. பட்டன் போன் செய்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. இன்று அந்தப் பகுதியின் பேர்போன பொருள் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஒருங்கிணைக்கப்படும் ஐபோன்.

கைபேசிக்குத் தமிழ் பட்ட கடனையும் சொல்லியாக வேண்டும். 2005 பொங்கலுக்கு முத்து நெடுமாறன், கைபேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினத்தை வெளியிட்டபோது அது ஒரு புதுமை. இன்று தமிழ் 99 என்ற பெயரையே கேட்டிராத பாட்டி, பேத்திக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் குரல் சொல்லி எழுத்தாக்கி அனுப்புகிறார். மேசைக்கணினி முப்பது ஆண்டில் எட்டாத மனிதர்களைக் கைபேசி பத்தாண்டில் எட்டிவிட்டது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் மேசைக்கணினி எங்கே மிஞ்சியிருக்கிறது? சூடு அதிகமாகிற வேலைகளில் முதலில். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற வரைகலை அட்டை மேசைக்கணினியில் 450 வாட் வரை மின்சாரம் குடிக்கும். அதே எண்ணைத் தாங்கி மடிக்கணினிக்குள் வருவதற்குப் பொதுவாக 150 வாட் அளவுதான் இடம். பெயர் ஒன்று, வேலை ஒன்றல்ல. மெல்லிய தகட்டுக்குள் அந்த வெப்பத்தை வெளியே தள்ள வழியில்லை. இது இயற்பியல், எந்த விளம்பரமும் இதை மாற்றாது. அதனால்தான் கோடம்பாக்கத்துப் படத்தொகுப்பு அறைகளிலும் கிராஃபிக்ஸ் கூடங்களிலும் இன்னும் பெரிய பெட்டிகள்தாம் உறுமிக்கொண்டிருக்கின்றன. ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி ஓடுவதும், மருத்துவமனை பில்லிங் கவுண்டரும், ரயில் முன்பதிவு ஜன்னலும் மேசைக்கணினிகள்தாம். பெரிய திரை, முழு விசைப்பலகை, வலப்பக்கம் எண்களுக்குத் தனி வரிசை. எட்டு மணி நேரம் தட்டுகிறவர் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இவை தேவை.

பழுதுபார்ப்பும் ஒரு காரணம். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் மதர்போர்டோடு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டே வருகிறது. வாங்கிய அன்று எவ்வளவோ அவ்வளவுதான் கடைசிவரை. மேசைக்கணினியில் 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு இன்னும் உயிரோடு இருக்கிறது. கேபினட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். நீடித்து உழைக்கும் பொருள் என்று இதைத்தான் சொல்வேன்.

எனக்குக் கவலை தரும் இடம் ஒன்று உண்டு. ஜெராக்ஸ் கடைகளும் இ-சேவை மையங்களும்தான் இன்று தெருவில் மேசைக்கணினி வாழும் இடங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாமே இணையத்தில். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வும் இணைய வழி. கையில் விலையுயர்ந்த ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பிள்ளைகளும் இதற்கு இந்தக் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். நீளமான படிவத்தைக் கைபேசித் திரையில் நிரப்பி, கோப்பின் அளவைக் குறைத்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றுவது எளிதில்லை.

ஒரு மையத்தில் அண்மையில் பார்த்தது இது. கல்லூரியில் சேரப்போகும் பெண்ணும் அவள் தாயும் மேசைக்கு இந்தப் பக்கம். ஆபரேட்டர் அந்தப் பக்கம். திரை அவர் முகத்துக்கு நேரே. இவர்களுக்குத் தெரிவது மானிட்டரின் முதுகும் அதில் தூசி படிந்த ஒயர்களும். "அப்பா பேரு இனிஷியலோட சொல்லும்மா." சொன்னாள். "ஓடிபி வந்திருக்கும் பாரு, சொல்லு." சொன்னாள். அவர் தட்டினார், சொடுக்கினார், பிரிண்ட் எடுத்து நீட்டினார். தாளைப் பார்த்த பிறகுதான் தந்தை பெயரில் ஒரு எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. "அண்ணா, இதுல 'எச்' வராது." "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? இனிமே திருத்தத்துக்குத்தான் போடணும்." அவள் எப்படிச் சொல்வாள்? திரையே அவளுக்குத் தெரியவில்லையே. ஆபரேட்டர் மேலும் குற்றமில்லை. வரிசையில் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள்.

பிரவுசிங் சென்டரில் அந்தப் பெண்ணின் அண்ணன் தலைமுறை நாற்காலியில் உட்கார்ந்து தானே தட்டியது. இவள் தலைமுறை எதிரே நின்று சொல்லித் தட்டச் சொல்கிறது. மேசைக்கணினி மடிக்கணினியிடம் தோற்றதா, கைபேசியிடம் தோற்றதா என்பது விற்பவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு. நமக்குப் போனது, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து அரைமணி நேரம் உட்காரக்கூடிய விசைப்பலகை. கைபேசியில் படிக்கலாம், பேசலாம், படம் எடுக்கலாம், கவிதையும் எழுதலாம். நாற்பது பக்க அறிக்கையை அடிக்குறிப்போடு ஒழுங்குசெய்வதும், ஆயிரம் வரிசை கொண்ட கணக்கைச் சரிபார்ப்பதும், நிரல் எழுதி ஓட்டிப் பார்ப்பதும் அதில் கற்க முடியாது. இவற்றுக்குத்தான் இன்னும் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கொரோனாக் காலத்தில் ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டு வகுப்புக் கேட்டபோது இது எல்லாருக்கும் உறைத்தது. 2021-இல் உலகில் கணினி விற்பனை சுமார் 35 கோடிக்கு ஏறியது. இரண்டே ஆண்டில் 26 கோடிக்கு இறங்கிவிட்டது. உறைத்ததும் மறந்துபோயிற்று. தமிழ்நாடு அரசு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது; நல்ல காரியம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. பள்ளி நேரம் முடிந்ததும் அவை பூட்டப்படுகின்றன. மாலையில் இரண்டு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்காக அவற்றைத் திறந்து வைக்க முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுக்கள் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று நாமே செய்யக்கூடியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சில்லோ அதற்குப் பின் வந்ததோ வேண்டும். இதனால் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிற மேசைக்கணினிகளை அலுவலகங்கள் கழித்துப் போடுகின்றன. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி, ராம் 8 ஜிபி, அதில் ஏதாவது ஒரு லினக்ஸ் என்று போட்டால் அந்தப் பெட்டி இன்னும் பல வருடம் உழைக்கும். லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கும். லிப்ரே ஆஃபீஸ் இலவசம். எல்காட் கொடுத்த மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நமக்கு இது புதிதில்லை.

உங்கள் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய சிஸ்டம் இருந்தால், வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், காயலான் கடைக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர்க் கிளை நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஹார்ட் டிஸ்கில் உங்கள் சொந்தக் கோப்புகள் இல்லாதபடி முழுசாக அழித்துவிடுங்கள். விசைப்பலகை, மவுஸ், பவர் கேபிள் மூன்றையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள். இவை இல்லாமல்தான் பல பெட்டிகள் மூலையில் கிடக்கின்றன. திரையை மட்டும் உட்காருகிறவர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.